ஹனோவரில் பொழுதடையும் நேரம்

மே 27, வெள்ளி

இன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹிதாயாவை வழியனுப்ப வீட்டில் இருந்தவர்கள்: நான், செய்யதலி பாத்திமா. என் வீட்டுக்காரர் மைதீன் பிச்சை, அதாவது ஹிதாயா வாப்பா; மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். பயணம் போகிற மூத்தவள் ஹிதாயா. பத்தாம் வகுப்பு எழுதி முடித்த இளையவள் சபீகா. என் அண்ணன் கமால் காக்கா, முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் சமையல் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர். ஹிதாயாவோடு போகும் யாழினி, சங்கரன்கோவில் பிள்ளை, இவள் வகுப்புதான். மொத்தம் ஆறு பேர். வேறு யாருக்கும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும்.

கல்லூரியில் எழுதிப் போட்ட எல்லாரிலும் இவர்கள் இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது. ஜெர்மனியில் ஹனோவர் என்ற ஊர். எட்டு வாரம் மண்ணைப் பற்றிப் படிப்பு. சனி ஞாயிறில் ரயிலேறி ஊர் சுற்றலாம். செலவெல்லாம் அவர்கள் பாடு.

பெட்டியில் வைத்தவை: பருப்புப் பொடி அரைக் கிலோ. மிளகு சீரகம் வறுத்து அரைத்தது கால் கிலோ. நோன்புக் கஞ்சிக்கு நொய்யரிசியும் பாசிப்பருப்பும் கலந்த பொட்டலம் எட்டு. பேரீச்சம்பழம் இரண்டு டப்பா. தொழுகை விரிக்க முசல்லா ஒன்று. இரும்புச் சத்து மாத்திரை அறுபது, நாளைக்கு ஒன்று. பிள்ளைக்கு எப்போதும் ரத்தம் கொஞ்சம் குறைவு.

அப்புறம் நான் எழுதிய தாள். நோன்பு மாதம் அவள் அங்கே இருக்கும்போதே வருகிறது. அந்த ஊரில் கிழக்கு எப்போது வெளுக்கும், பொழுது எப்போது அடையும் என்று சபீகா கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு அட்டவணை எடுத்துத் தந்தாள். அடியில் குட்டி எழுத்தில் நாலு வரி இங்கிலீஷில் இருந்தது. நேரம்தானே வேண்டும் என்று அதை விட்டுவிட்டேன். முப்பது நாளுக்கு முப்பது வரி. விடியுமுன் சாப்பிடும் ஸஹரை முடிக்கும் நேரம் கறுப்பு மை, நோன்பு திறக்கும் நேரம் சிவப்பு மை. நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். ஹிதாயா ஒன்றாம் வகுப்பு போனபோது நானும் அவளோடு மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன், வீட்டிலிருந்தபடியே. அவள் புத்தகம்தான் எனக்கும். அந்தப் படிப்பை வைத்து இவ்வளவு பெரிய வேலை செய்தது இதுதான் முதல் தடவை.

சபீகா, "உம்மா, ஃபோன்ல கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லிரும். அதுக்குப் போயி ஸ்கேல் வச்சு கோடு போட்டுக்கிட்டு!" என்றாள்.

"ஃபோன் சார்ஜ் தீந்து போவும். தாள் தீராது."

கமால் காக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "எழுத்து அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு! எங்க கேப்டன் எழுதுன நோட்டு எல்லாம் இதுக்கு முன்னால நிக்காது."

"ஆன்ட்டி, எங்கம்மா எனக்கு ஊறுகாயோட நிறுத்திட்டாங்க. நீங்க ரயில்வே டைம்டேபிளே போட்டுக் குடுத்துட்டீங்க," என்றாள் யாழினி. எல்லாரும் சிரித்தார்கள். ஹிதாயா சிரிக்கவில்லை. தாளை வாங்கி நாலாக மடிக்காமல் பாஸ்போர்ட் உறைக்குள் நீட்டாகவே வைத்தாள்.

ஹிதாயா வாப்பா சொன்னது இரண்டே விஷயம். "தொழுகைய விடக் கூடாது. நோன்ப விடக் கூடாது. இது ரெண்டும் சரியா இருந்தா மேப்படிப்புக்கும் அங்கேயே அனுப்பலாம். இல்லன்னா இதோட சரி. பின்னால வார சபீகாவுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"நான் பொறுப்பு," என்றேன்.

நெல்லை எக்ஸ்பிரஸ் சரியான நேரத்துக்கு எடுத்தான்.

அங்கே நோன்பு ஒரு நாளைக்குப் பதினெட்டரை மணி நேரம் வரும். நம் ஊரில் பதினாலு. ஹிதாயா வாப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 29, ஞாயிறு

போய்ச் சேர்ந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். இரண்டு ரக்அத் தொழுதேன். சிலிண்டர் இன்று மாற்றினேன். போன முறை நாற்பத்தோரு நாள் வந்தது.

ஜூன் 1, புதன்

ஹிதாயா பேசினாள். அறையில் இவளும் யாழினியும். குளிர் இல்லை. கடைக்காரர்கள் முகம் பார்த்து வணக்கம் சொல்கிறார்களாம். அவர்கள் பேராசிரியை எழுபது வயதில் சைக்கிளில் வருகிறாராம். "ராத்திரி ஒம்பது மணிக்கும் வெளிச்சமா இருக்கு உம்மா," என்றாள். பொழுது அடைந்தாலும் வெளிச்சம் கொஞ்ச நேரம் நிற்கத்தானே செய்யும் என்றேன்.

நோன்புக்கு முன் செய்ய வேண்டியவை: ஜன்னல் திரை துவைக்க. மிளகாய் காயவைக்க. கஞ்சிக்கு வெந்தயம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். அங்கே என் களாக் கணக்கு இருக்கிறது; விட்டுப்போன நோன்பைப் பிறகு வைத்து அடைக்கிற கணக்கு. ஒரு பழைய வருஷத்துப் பாக்கி இருபத்தேழு. இருபது அடைத்துவிட்டேன். ஏழு நிற்கிறது. இந்த வருஷமும் புது நோன்பு வருவதற்குள் முடிக்கவில்லை.

ஜூன் 3, வெள்ளி

ஹிதாயா பேசவில்லை.

ஜூன் 4, சனி

இன்றும் பேசவில்லை. நான் அடித்தால் எடுக்கவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு யாழினியிடமிருந்து செய்தி வந்தது: "ஹிதா ஃபோன் ரிப்பேர் ஆன்ட்டி. நாளைக்குப் பேசுவா. நல்லா இருக்கா, நல்லா சாப்பிடுறா."

சாப்பாட்டைப் பற்றி நான் கேட்கவே இல்லை. நல்ல பிள்ளை.

ஜூன் 5, ஞாயிறு

பேசினாள். குரல் கம்மியிருந்தது. தண்ணீர் மாறியதுதான் என்றாள். முகத்தைக் காட்டு என்றேன். "சிக்னல் இல்ல உம்மா." மாத்திரை போடுகிறாயா என்றேன். "போடுறேன், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு." ஒன்றுதானே எழுதிக் கொடுத்தேன் என்று கேட்பதற்குள் வாப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

இரண்டு வீதம் போட்டால் அறுபது ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். யார் போடச் சொன்னது என்று கேட்க வேண்டும்.

ஜூன் 7, செவ்வாய். நோன்பு 1

பிறை பார்த்ததாக நேற்று மக்ரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் அறிவித்தார்கள். ஸஹருக்குச் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, முட்டை. ஹிதாயா தட்டைத் தெரியாமல் எடுத்துவைத்துவிட்டேன். சபீகா அதைத் திரும்ப அடுக்கினாள்.

ஹிதாயாவுக்கு இன்று தாள்படி திறக்கும் நேரம் எட்டு முப்பத்தொன்பது.

ஜூன் 8, புதன். நோன்பு 2

ஸஹருக்கு எழுந்து ஃபோனைப் பார்த்தேன். "நோன்பு திறந்தேன் உம்மா. அல்ஹம்துலில்லாஹ்." என் தாள் கடல் தாண்டி வேலை செய்கிறது.

ஹிதாயா வாப்பா சோற்றில் கை வைக்கும் முன் கேட்டார்கள். "பிள்ள நோன்பு திறந்துட்டாளா?"

"திறந்துட்டா."

ஜூன் 12, ஞாயிறு. நோன்பு 6

நாள் தவறாமல் செய்தி வருகிறது. நாள் தவறாமல் ஹிதாயா வாப்பா கேட்கிறார்கள். "திறந்துட்டாளா?" "திறந்துட்டா." அதற்குப் பிறகுதான் சாப்பிடுகிறார்கள்.

மத்தியானம் முகம் பார்த்துப் பேசினோம். இங்கே இரண்டரை, அங்கே பதினொன்று. மெலிந்துவிட்டாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"இந்நேரமே கஞ்சியா?"

"சாயங்காலத்துக்கு உம்மா. அப்பறம் கிச்சன்ல கூட்டமாயிரும்."

"வெந்தயம் போட்டியா?"

"போட்டேன்."

பின்னாலிருந்து யாழினி குரல்: "ஏ ஹிதா, ஆறிப்போவுது, வந்து..." அப்புறம் சத்தமே இல்லை. உடனே திரைக்கு முன்னால் வந்து கையாட்டினாள். "ஆன்ட்டி, என் காப்பி! காப்பி ஆறிப்போவுது! உங்க பொண்ணு பருப்புப் பொடிய எனக்குத் தெரியாம ஒளிச்சு வைக்கிறா, அத மொதல்ல கேளுங்க."

"ஒளிச்சு வைக்கலன்னா ரெண்டே நாள்ல தின்னு தீத்துருவ, பிசாசு," என்றாள் ஹிதாயா.

பிள்ளை சிரித்தாள். மனசு நிறைந்தது. யாழினி நோன்பில்லாத பிள்ளை, காப்பி குடிப்பதில் என்ன?

நோன்பு வைத்துக்கொண்டு சிரிக்கிற பிள்ளை. இன்று நபி மேல் நூறு தடவை ஸலவாத்து ஓதினேன்.

ஜூன் 15, புதன். நோன்பு 9

சம்சாவுக்குக் கைமா அரைக் கிலோ. மிளகாய் காய்ந்துவிட்டது. செய்தி வந்தது.

ஜூன் 20, திங்கள். நோன்பு 14

நேற்று ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பிரேமன் என்ற ஊருக்குப் போனார்களாம். வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர். இன்று காலையில் படங்கள் வந்தன. பதினேழு படம். கழுதை மேல் நாய், நாய் மேல் பூனை, பூனை மேல் சேவல் நிற்கிற சிலை ஒன்று. கழுதையின் காலைப் பிடித்துக்கொண்டு யாழினி.

பதினான்காவது படம் இது. பெரிய சதுக்கம். வெளியே மேசை போட்ட கடை. நடுவில் ஹிதாயா உட்கார்ந்திருக்கிறாள், முக்காடு பச்சை, நான் தைத்தது. முன்னால் ஒரு காகிதக் கோப்பை. பக்கத்தில் இருக்கிறவர்களுடையதாக இருக்கும். பின்னால் ஒரு கோபுரம், அதில் கடிகாரம். மணி எட்டே முக்கால்.

தாள்படி நேற்று அவளுக்குப் பொழுது அடையும் நேரம் எட்டு நாற்பத்தைந்து. சரியாகப் பொருந்துகிறதே என்று சந்தோஷமாக சபீகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சபீகா விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். "உம்மா, கோபுரத்துல வெயில் அடிக்கி."

கோபுரத்தின் மேல்பாதி முழுக்க மஞ்சள் வெயில். ஹிதாயாவின் கன்னத்திலும் வெயில். தரையில் மேசைக் கால்களின் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது.

"அது படம் புடிக்கிற விளக்கா இருக்கும்," என்றேன்.

"கோபுரம் உயரத்துக்கா?"

ஜூன் 21, செவ்வாய். நோன்பு 15

கமால் காக்கா வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் தொடையில் அடித்துக்கொண்டார். "அடிப் பாவி! கோடைக்கு அந்தப் பக்கமெல்லாம் எல்லாரும் சேந்து கடியாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வச்சிருவான். குளிர் வந்தா மறுபடி பின்னால திருப்புவான். உன் கணக்கு சூரியனுக்குச் சரி. அவன் கடியாரத்துக்குத் தப்பு. உன் தாள்ல எட்டே முக்காலுன்னா அங்க ஒம்பதே முக்காலு."

"நீங்க அன்னைக்குத் தாளப் பாத்தியளே காக்கா!"

"நான் எழுத்தத்தான் பாத்தேன். மணிய எங்க பாத்தேன்?"

அட்டவணையைத் தேடி எடுத்து அகராதியோடு உட்கார்ந்தேன். அடியில் இருந்த குட்டி எழுத்தில் அதைத்தான் எழுதியிருந்தான், கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ளச் சொல்லி. நான் விட்ட நாலு வரியில் மூன்றாவது வரி.

ஆக, பிள்ளை தாளை நம்பித் தினமும் ஒரு மணி நேரம் முன்னாலேயே, வெயில் இருக்கும்போதே நோன்பு திறந்திருக்கிறாள். என்னால்.

ஜூன் 22, புதன். நோன்பு 16

பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாவுக்கு ஃபோன் செய்தேன். பெயர் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஒரு பிள்ளை, நேரம் தவறாகச் சொல்லப்பட்டுப் பொழுதடையும் முன்னே திறந்துவிட்டாள், என்ன செய்வது என்று கேட்டேன்.

"அடைஞ்சிட்டுன்னு நெனச்சுத் திறந்தவ மேல குத்தமில்லம்மா. அந்த நாளுக்குப் பதிலா பொறவு ஒண்ணு வச்சிரணும், அவ்வளவுதான்."

சரி என்றேன். ஃபோனை வைக்காமல், "முடியாம இருந்தா?" என்றும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வைக்க முடியாம இருந்தாளா? சொகமில்லையா? சொகமில்லாதவளுக்கு அல்லாஹ்வே விட்டுக் குடுத்திருக்கான். நாம யாரு இழுத்துப் பிடிச்சு வைக்க?"

ஸஹருக்குச் செய்தி வந்திருந்தது. "திறந்தேன் உம்மா." ஹிதாயா வாப்பா கேட்டார்கள். திறந்துட்டா என்றேன்.

ஜூன் 23, வியாழன். நோன்பு 17

ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. பதினெட்டு மணி நேரம் பட்டினி கிடக்கிறவள் கடைசி ஒரு மணி நேரம் எதைப் பார்ப்பாள்? வானத்தைத்தான் பார்ப்பாள். முப்பது வருஷமாக நோன்பு வைக்கிறேன், எனக்குத் தெரியாதா? சிவப்பு மையில் எட்டே முக்கால் என்று போட்டிருக்க, எதிரே சூரியன் தென்னை மர உயரத்தில் நின்றால், முதல் நாளே "உம்மா, தாள் தப்பு" என்று அடித்திருப்பாள். ஹிதாயா கணக்கில் என்னைவிடக் கறார்.

பதினாறு நாளாக அவள் வானத்தையே பார்க்கவில்லை.

மழை மேகமாக இருந்திருக்கலாம். பிரேமனில் வெயில் இருந்தது, ஹனோவரில் மேகமாக இருந்திருக்கலாம்.

ஜூன் 26, ஞாயிறு. நோன்பு 20

பத்தொன்பது நாள், பத்தொன்பது செய்தி. ஒரு நாள் கூட விடவில்லை.

ஒரு நாளாவது விட்டிருக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு மாதத்தில் ஐந்தாறு நாள் நோன்பு கிடையாது. அவள் தேதி எனக்குத் தெரியும். பதினாறாம் தேதி வாக்கில் வந்திருக்கும். அந்த நாட்களிலும் "திறந்தேன்" என்றுதான் வந்திருக்கிறது. வைக்கிறவளுக்குத்தான் எந்த நாள் வைக்கக் கூடாது என்பதும் ஞாபகம் இருக்கும்.

நோட்டை மே மாதத்திலிருந்து திருப்பினேன். ஜூன் மூன்றாம் தேதி, நான்காம் தேதி ஃபோன் இல்லை. "நல்லா சாப்பிடுறா." குரல் கம்மல். முகம் காட்டவில்லை. மாத்திரை இரண்டு. மத்தியானம் கஞ்சி. ஆறிப்போன காப்பி. காகிதக் கோப்பை. எல்லாவற்றையும் என் கையால் எழுதியிருக்கிறேன், நாள் போட்டு, அடிக்கோடு போட்டு. எழுதினேனே தவிர, ஒன்றையும் கூட்டிப் பார்க்கவில்லை.

பிள்ளைக்கு அங்கே என்ன ஆயிற்று?

யாழினி எண் என்னிடம் இருக்கிறது. எடுத்தேன். வைத்துவிட்டேன். சிநேகிதியைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி ஒரு பிள்ளையைக் கேட்பது சரியில்லை.

ஜூன் 27, திங்கள். நோன்பு 21

"திறந்துட்டாளா?"

"திறந்துட்டா."

இது இப்போது என் பொய். நோன்பு மாதத்தில் சொன்ன பொய்.

ஜூன் 28, செவ்வாய். நோன்பு 22

அஸர் தொழுதுவிட்டு ஹிதாயா வாப்பா கூடத்தில் படுத்திருந்தார்கள். சபீகா டியூஷனுக்குப் போயிருந்தாள். பிஸ்மி சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னங்க, தாள்ல தப்புப் பண்ணிட்டேன்."

கடிகாரத்தைத் தள்ளி வைப்பதைச் சொன்னேன். ஒரு மணி நேரம் என்றேன். எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். "இதுக்கா மொகத்த இப்பிடி வச்சிருக்க? அறியாம நடந்ததுதானே. பிள்ள பொறவு வச்சுக்கிடுவா."

"அது இல்ல. அவ நோன்பே வைக்கல போலத் தெரியுது. ஒரு நாள் கூட. சொகமில்லன்னு நெனக்கேன். நம்மட்ட மறைக்கா."

சிரிப்பு நின்றது. என்னென்ன பார்த்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். மேப்படிப்பும் இல்லை, சபீகாவுக்கும் இல்லை என்பார்கள் என்று மூன்று நாளாக மனசில் பதில் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் வீண். அவர்கள் கேட்டது வேறு.

"அங்க நோன்பு எத்தன மணி நேரம்?"

"பதினெட்டரை."

"என்னது?"

"பதினெட்டரை மணி நேரம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தாள் எழுதும்போதே."

"நம்ம ஊரு மாதிரி பதினாலுன்னுல்லா நான் நெனச்சிருந்தேன்! பதினெட்டரைன்னு சொல்லியிருந்தா, முடிஞ்சா வையி, முடியாட்டி வந்து வச்சுக்கோன்னு ரயிலடியிலயே சொல்லி அனுப்பியிருக்க மாட்டனா? ரத்தமில்லாத பிள்ள. நான் பாட்டுக்குத் தெனமும் திறந்தாளா, திறந்தாளான்னு..." தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். "பிள்ள யாருக்குப் பயந்து இப்பிடிச் செஞ்சிருக்கா பாத்திமா? எனக்கா, உனக்கா?"

கஞ்சிக்கு அரிசி களைய எழுந்து போய்விட்டேன்.

அரிசி களைந்த தண்ணீரை இரண்டு முறை வீணாகக் கீழே ஊற்றினேன்.

ஜூன் 29, புதன். நோன்பு 23

ஸஹரில் செய்தி இருந்தது. ஹிதாயா வாப்பா இன்று கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்கள்.

ஜூலை 1, வெள்ளி. நோன்பு 25

ஜும்ஆ முடிந்து வந்து ஹிதாயா வாப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்கள். "நான் கேட்டா பயந்துருவா. நீ கேளு. ஏசாமக் கேளு. டாக்டரு என்ன சொன்னாருன்னு கேளு. காசு வேணுமான்னு கேளு."

"மேப்படிப்பு?"

"அவ ஒடம்பத் தவிர இப்ப வேற பேச்சு வேண்டாம். அது அவ பாடு, படிக்கட்டும்." துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். "ஃபோன்ல கேக்காத. உன் கொரல் ஒரு மாதிரி. எழுதிக் கேளு."

என் குரல் ஒரு மாதிரியா? இருபத்திரண்டு வருஷத்தில் இப்போதுதான் சொல்கிறார்கள்.

ஜூலை 2, சனி. நோன்பு 26

லுஹர் தொழுதுவிட்டு எழுதினேன். மூன்று தடவை கிழித்தேன். நோட்டுத் தாளைப் படம் பிடித்து அனுப்ப சபீகாவிடம் நேற்றே கற்றுக்கொண்டேன். இதை அவள் பார்க்க வேண்டாம். அனுப்பியதின் நகல் இது:

அன்பு மகள் ஹிதாயாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் எழுதித் தந்த தாள் தப்பு. அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ பிரேமனில் எடுத்த படத்தில் எட்டே முக்காலுக்கு உன் கன்னத்தில் வெயில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. தாள் தப்பு என்பது மட்டும் இல்லை, மற்றதும் தெரிந்தது. வாப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன். வாப்பாவுக்கு உன் மேல் கோபம் இல்லை. என் மேல்தான் கோபம், அதுவும் சரிதான். பதினெட்டரை மணி நேரம் என்பதை அவர்களிடம் நான் மறைத்தேன். உன்னிடமும், முடியாவிட்டால் விடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளில் முப்பது வரி எழுதத் தெரிந்த எனக்கு அந்த ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

இனி நான் சொல்லப் போவது உன் வாப்பாவுக்கும் தெரியாது. நீ வயிற்றில் இருந்த வருஷம் எனக்கும் ரத்தம் இல்லை. நோன்பு வைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று நர்ஸம்மா சொன்னாள். வீட்டில் உன் வாப்பாவைப் பெற்ற உம்மா இருந்தார்கள். நல்லவர்கள்தான், சொல்லியிருந்தால் வைக்காதே என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. புது மருமகள், வைக்கவில்லை என்றால் என்ன நினைப்பார்களோ என்று பயம். அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய சோறு தின்பேன். மக்ரிப் பாங்கு சொன்னதும் எல்லாரோடும் விரிப்பில் உட்கார்ந்து, பகலெல்லாம் பட்டினி கிடந்தவள் மாதிரி பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் வைப்பேன். இருபத்தேழு நாள் அப்படித் திறந்தேன். நீ "திறந்தேன் உம்மா" என்று அனுப்பினாயே, அதே மாதிரி.

சாப்பிட்டதில் பாவம் இல்லை. அது உனக்காகச் சாப்பிட்டது. அந்தப் பேரீச்சம்பழம்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்த இருபத்தேழில் ஏழை இன்னும் அடைக்காமலே வைத்திருக்கிறேன்.

நீ வந்த பிறகு, உன் உடம்பு தேறி டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, மார்கழியில் பகல் சின்னதாக இருக்கும்போது, திங்களும் வியாழனும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வைப்போம். என் ஏழு முதலில் முடிந்துவிடும். அதற்கப்புறமும் உன்னோடு நான் வைப்பேன். ஸஹருக்கு நான் எழுப்புகிறேன். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று அவசரம் இல்லை.

தாளைக் கிழித்துவிடாதே. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. உன் கணக்கை அதில் எழுதிக்கொள்.

இனி ராத்திரி செய்தி அனுப்ப வேண்டாம். வாப்பா கேட்க மாட்டார்கள். ஜூன் மூன்றாம் தேதியும் நான்காம் தேதியும் உனக்கு என்ன ஆயிற்று, எங்கே இருந்தாய், டாக்டர் என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது. மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது, பணம் வேண்டுமா என்றும் எழுது. உன்னைப் பார்த்துக்கொண்டதற்கு யாழினிக்கு என் ஸலாம் சொல். பருப்புப் பொடியை ஒளித்து வைக்காதே, அவளுக்கும் கொடு.

இன்று மத்தியானம் என்ன சாப்பிட்டாய்? சீக்கிரம் பதில் போடு.

உம்மா